விமான டிக்கெட்டும் கொஞ்சம் இயற்பியலும்

உங்கள் வீட்டில் கைப்பேசியில் ரயில் டிக்கெட் பதிவு செய்பவர் யார்? பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களிலும் இன்று பல வீடுகளில் மகனோ மகளோ சிங்கப்பூரிலோ, ஜெர்மனியிலோ, அமெரிக்காவிலோ வேலை பார்க்கிறார்கள். விடுமுறைக்கு அங்கே போய்வர வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் ஆசைப்படும்போது, விமான டிக்கெட் தேடும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? எது விலை குறைவோ அதைத் தேர்ந்தெடுப்பீர்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி வீட்டில் இரண்டு மாதம் தங்கிவர, நாமக்கல்லிலிருந்து என் அப்பாவையும் அம்மாவையும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினோம். டிக்கெட் தேடியது நான். மற்றவற்றைவிட 9,000 ரூபாய் குறைவாக ஒரு வழி கிடைத்தது. இரண்டு இடங்களில் இறங்கி மாற வேண்டும்; டிக்கெட்டுகளும் தனித்தனி. முதல் விமானம் தாமதமாயிற்று; அடுத்த விமானம் அவர்களை விட்டுவிட்டுப் பறந்துவிட்டது. தனி டிக்கெட் என்பதால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்கவில்லை. மிச்சம் பிடித்த பணத்தைப்போல் மூன்று மடங்கு கொடுத்துப் புது டிக்கெட் வாங்கினோம். தம்பி வீட்டை அடைந்தபோது அப்பாவின் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை.

வகுப்பில் அழுத்தம், திசைவேகம், ஈர்ப்பு மையம் என்று பாடம் நடத்துகிறவன் நான். ஆனால் டிக்கெட் வாங்கும்போது விலை என்ற ஒரே எண்ணைத்தான் பார்த்தேன். நீண்ட விமானப் பயணத்தின் செலவையும் சௌகரியத்தையும் தீர்மானிப்பவற்றில் பெரும்பகுதி உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

ஓமலூரிலிருந்து நேராகப் போக முடியாதா?

சேலத்துக்கு அருகே, ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் நமக்கென்று ஒரு விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து நேரே அமெரிக்காவுக்குப் பறந்தால் என்ன? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நெடுந்தூரம் செல்லும் பெரிய விமானம் தரையைவிட்டு எழும்ப, மணிக்குச் சுமார் 300 கி.மீ., அதாவது விநாடிக்கு 83 மீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். அதன் முடுக்கம் 1.5 மீ/வி² என்று கொள்வோம். v² = 2as என்ற சமன்பாட்டில் இவற்றை இட்டால், ஓட வேண்டிய தூரம் சுமார் 2,300 மீட்டர் என்று வருகிறது. ஓடும்போது ஏதேனும் கோளாறு தெரிந்தால் நிறுத்துவதற்கும் மேற்கொண்டு இடம் வேண்டும். காமலாபுரத்து ஓடுபாதையின் நீளமோ 1,800 மீட்டர் அளவுதான். சிறிய விமானங்களுக்கு அது போதும். பெங்களூர் விமான நிலையத்தின் ஓடுபாதைகள் 4,000 மீட்டர் நீளமுள்ளவை. ஆகவே சேலத்துக்காரர்கள் பெங்களூருக்கோ சென்னைக்கோ, நாமக்கல்காரர்கள் திருச்சிக்கோ கோவைக்கோ முதலில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அந்தத் தரைவழிப் பயணமும் நம் கணக்கில் சேர வேண்டியதே.

டீசலைச் சுமக்கும் லாரி

எங்கும் இறங்காமல் நேராகச் செல்லும் விமானத்தில் டிக்கெட் விலை ஏன் பெரும்பாலும் கூடுதலாக இருக்கிறது? இதை நாமக்கல்காரர்களுக்கு விளக்குவது எளிது.

ஒரு லாரி நாமக்கல்லிலிருந்து காஷ்மீருக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கும் டீசல் போடக் கூடாது. போகும் வழிக்குத் தேவையான டீசல் முழுவதையும் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டே கிளம்ப வேண்டும் என்று நிபந்தனை விதித்தால் என்ன ஆகும்? பீப்பாய்களின் எடையை இழுக்கவே கொஞ்சம் டீசல் செலவாகும். அந்த டீசலைச் சுமக்க இன்னும் கொஞ்சம் டீசல்! அது மட்டுமல்ல; பீப்பாய்கள் இருக்கும் இடத்தில் சரக்கு ஏற்ற முடியாது. மீதிச் சரக்குக்கு வாடகையை உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

வானத்திலும் இதே கதைதான். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே நேரடி விமானம் 2004-ல் தொடங்கி, 2013-ல் நிறுத்தப்பட்டது. எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் ஏர்பஸ் ஏ350 விமானம் வந்தபின் 2018-ல் மறுபடியும் தொடங்கப்பட்டது. தூரம் 15,300 கி.மீ.; நேரம் 18 மணிக்கு மேல். இதற்கென அமைக்கப்பட்ட விமானத்தின் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். 20,000 லிட்டர் டேங்கர் லாரிகள் எட்டு வந்து ஊற்றினாலும் தொட்டி நிரம்பாது! அந்த எரிபொருளின் எடை சுமார் 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கத்தக்க உச்ச எடை 280 டன். அதாவது ஏறக்குறையப் பாதி எடை எரிபொருளே. சாதாரணமாக 300 பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த வகை விமானத்தில் 161 இருக்கைகளே வைத்தார்கள். விலை குறைந்த சாதாரண வகுப்பு அதில் வைக்கப்படவே இல்லை.

நடுவில் ஓரிடத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பும் விமானத்துக்கு இந்தச் சுமை குறைவு. மேலும், பல ஊர்ப் பயணிகளை ஓரிடத்தில் சேர்த்துப் பிரித்தனுப்பினால் இருக்கைகள் காலியாகப் போவதில்லை. சேலம் புதிய பஸ் நிலையம் செய்யும் வேலையைத்தான் துபாயும் சிங்கப்பூரும் வானத்தில் செய்கின்றன. ஆகவே ஒருமுறை மாறிச் செல்லும் வழி மலிவாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் எந்த ஊரில் மாறுவது? அதற்கு ஒரு நூல் துண்டு போதும்.

நூலும் பூகோள உருண்டையும்

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்குப் பக்கமாக அளவுகோல் வைத்து ஒரு நேர்கோடு போடுங்கள். அது பசிபிக் கடலைக் கடந்து செல்லும். 1569-ல் மெர்க்கேட்டர் வகுத்த முறையில் வரைந்த படமானால், அந்தக் கோட்டு வழியின் உண்மையான நீளம் சுமார் 16,100 கி.மீ.

இப்போது பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக்கின் நடுவே போகாது! வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, வட துருவத்துக்குப் பக்கமாகச் சென்று, அந்தப் பக்கம் இறங்கும். இந்த வழியின் நீளம் சுமார் 14,000 கி.மீ.தான். மிச்சம் 2,100 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்குப் போகும் வான்வழித் தூரத்துக்கு ஏறத்தாழச் சமம்! உருண்டையின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட இந்த வட்டத்துக்குப் 'பெருவட்டம்' என்று பெயர். உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில்லே.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2021 ஜனவரி 9-ஆம் நாள் இரவு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா விமானம், வட துருவத்தின் மேலாகப் பறந்து ஜனவரி 11 விடியற்காலையில் பெங்களூரில் இறங்கியது. அதை ஓட்டிய விமானிகள் அனைவரும் பெண்கள். தலைமை தாங்கியவர் கேப்டன் ஜோயா அகர்வால். பயண நேரம் சுமார் 17 மணி. 9-ஆம் தேதி ஏறி 11-ஆம் தேதி இறங்கினாலும் 17 மணிதானா என்று கேட்கிறீர்களா? காரணத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். குறிப்பு வேண்டுமானால், இரு ஊர்களின் கடிகாரங்களுக்கும் இடையே அன்று 13½ மணி வித்தியாசம்.

நூல் முறையின் பயன் என்ன? இடையில் மாறும் ஊர், நூல் போகும் வழியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு நேரம் வீண். பெங்களூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் 7,400 கி.மீ.; அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 9,150 கி.மீ. மொத்தம் 16,550. நேர்வழியைவிட 2,550 கி.மீ. அதிகம். விமானம் மணிக்கு 900 கி.மீ. போனால் கூடுதலாக மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. அது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் முதலில் டெல்லி, பிறகு இன்னொரு நாடு, பிறகு வேறொரு மூலை என்று நூல் கோணல்மாணலாக வளையுமானால், அந்த மலிவு டிக்கெட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஒரு நாட்டின் வான்வெளி மூடப்பட்டாலும் பெருவட்டத்தை விட்டு விலகிச் சுற்ற நேரிடும். 2022-ல் ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே பறந்த விமானங்கள் பல மணி நேரம் கூடுதலாகப் பறந்தன.

வானத்தில் ஓடும் ஆறு

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன? தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று ஆறுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை 'ஜெட் காற்றோட்டம்' என்பார்கள். குளிர்காலத்தில் சில இடங்களில் இதன் வேகம் மணிக்கு 300 கி.மீ.-ஐயும் தாண்டும். 1920-களில் ஜப்பானியர் வாசபுரோ ஓய்ஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்தார். உலகத்தார் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். அம்மொழியை அறிந்தவர் மிகச் சிலரே ஆதலால், பலர் கவனிக்காமலே விட்டுவிட்டனர்!

9,000 கி.மீ. தூரம், விமான வேகம் 900, காற்றின் வேகம் 100 என்று கொள்வோம். காற்றோடு போனால் 9 மணி; எதிர்த்துப் போனால் 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 20 மணி. போகும்போது கிடைத்த லாபம் வரும்போது பட்ட நஷ்டத்தை ஈடு செய்யவில்லை, கவனித்தீர்களா? ஆகவே போகும் பயண நேரத்தை மட்டும் பார்த்து டிக்கெட்டை முடிவு செய்யக் கூடாது. திரும்பும் பயணத்தையும் பார்க்க வேண்டும்.

ஏற்காடா, ஊட்டியா?

11 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தடை குறைவதால் எரிபொருள் மிச்சம். ஆனால் அங்கே அழுத்தம் தரையில் உள்ளதில் கால் பங்குகூட இல்லை. வெப்பநிலை சுழிக்குக் கீழே 56 டிகிரி. ஆகவே விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். தரையில் இருக்கும் அளவுக்கு நிரப்புவதில்லை. அப்படிச் செய்தால் விமானத்தின் கூடு அதிக விசையைத் தாங்க வேண்டும்.

உலோகக் கூடுள்ள விமானங்களில், 8,000 அடி அதாவது 2,440 மீட்டர் உயர மலைமேல் இருக்கும் அழுத்தம் வரை உள்ளே குறையலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அதாவது அந்த விமானத்தில் ஊட்டியைவிட 200 மீட்டர் உயரத்தில் 15 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்! 2011-ல் சேவைக்கு வந்த போயிங் 787, 2015-ல் வந்த ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றின் கூடு பெரும்பாலும் கார்பன் இழைகளால் ஆனது. அவற்றில் உள்ளழுத்தம் 6,000 அடிக்குச் சமமாக, அதாவது 1,830 மீட்டருக்குச் சமமாக வைக்கப்படுகிறது. நம் ஏற்காட்டைவிட 300 மீட்டர்தான் அதிகம். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கூடுவதால் வயதானவர்களுக்குக் களைப்பு குறையும்.

அழுத்த வேறுபாட்டின் வலிமையைப் பாருங்கள். உள்ளே 75,000 பாஸ்கல், வெளியே 23,000. வேறுபாடு 52,000 பாஸ்கல். 25 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் உள்ள ஒரு ஜன்னலின் மேல் இது சுமார் 4,550 நியூட்டன் விசையைத் தரும். 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் ஒன்பதை அதன்மேல் அடுக்கியதற்குச் சமம்!

அடுத்த முறை ஏற்காடு போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். காலித் தண்ணீர் பாட்டிலை மலைமேல் திறந்து, இறுக மூடி, கீழே கொண்டு வாருங்கள். அடிவாரத்துக்கு வருவதற்குள் பாட்டில் ஒட்டிப் போயிருக்கும். பாயில் விதிப்படி உள்ளிருக்கும் காற்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கிறது. இதன் மறுதலைதான் விமானம் ஏறும்போது நம் காதிலும் வயிற்றிலும் நடக்கிறது. கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வெளியிலிருந்து எடுக்கும் குளிர்ந்த காற்றில் நீராவி கிட்டத்தட்ட இல்லை. ஆகவே விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதமே. நம் ஊர்ச் சித்திரை வெயிலைவிட வறட்சி! தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். எந்த வகை விமானம் என்பது டிக்கெட் விவரத்திலேயே இருக்கும். பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எந்த இருக்கை நல்லது?

டவுன் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. விமானம் காற்றில் குலுங்கும்போது தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றியே ஏறி இறங்குகிறது. ஈர்ப்பு மையம் இறக்கைகளுக்கு அருகில் இருக்கிறது. ஆகவே இறக்கைப் பக்கத்து இருக்கைகளில் ஆட்டம் குறைவு. வாலுக்கு அருகில் அதிகம். ஓசைக்கு அஞ்சுபவர்கள் இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார வேண்டும். சாதாரண வகுப்பில் இரு வரிசைகளுக்கு இடைப்பட்ட தூரம் பொதுவாக 76 முதல் 81 செ.மீ. வரை இருக்கும். கால் நீண்டவர்களுக்கு அந்த ஐந்து செ.மீ. பெரிய விஷயம்.

வயதானவர்களுக்கு ஜன்னலைவிட நடைவழி ஓர இருக்கையே மேல். ஏன்? உட்கார்ந்திருப்பவரின் இதயத்துக்கும் பாதத்துக்கும் உயர வேறுபாடு சுமார் 0.8 மீட்டர். hρg என்று பெருக்கினால், பாதத்து இரத்தக் குழாய்களில் கூடுதல் அழுத்தம் சுமார் 60 மி.மீ. பாதரசம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்பு போல் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் உட்கார்ந்தால் பம்பு நின்றுவிடும். நீர் கசிந்து கால் வீங்கும். என் அப்பாவுக்கு நேர்ந்தது இதுவே. சிலருக்குக் காலில் இரத்தம் உறைவதும் உண்டு. நான்கு மணிக்கு மேற்பட்ட பயணத்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு கூறியது. உடல்நலம் உள்ளவர்களில் அது சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவே. அச்சம் வேண்டாம், மணிக்கொருமுறை எழுந்து நடந்தால் போதும். இதய நோயோ, முன்பு இரத்தம் உறைந்த வரலாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே டிக்கெட் வாங்க வேண்டும்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. விமானம் நம்மைச் சில மணி நேரத்தில் 100 டிகிரி தள்ளி இறக்கிவிடுகிறது. ஆனால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி அளவே நகர்ந்து கொடுக்கும். இக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலோருக்கு இதன் சுற்று 24 மணிக்குச் சற்று அதிகம். ஆகவே நாளை நீட்டுவது எளிது, சுருக்குவது கடினம். மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது களைப்பைத் தரும். பத்து நாள் விடுமுறையில் அமெரிக்கா போனால் தூக்கம் சரியாவதற்குள் திரும்ப வேண்டியதுதான். குறுகிய விடுமுறைக்கு, கடிகாரம் இரண்டரை மணியே வேறுபடும் சிங்கப்பூரோ மலேசியாவோ உடம்புக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

இனிக் கணக்குப் போடுங்கள்

டிக்கெட் தேடும்போது ஒரு தாளில் இந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக்கொள்ளுங்கள்:

1. நம் வீட்டு வாசலிலிருந்து அவர்கள் வீட்டு வாசல் வரை மொத்தம் எத்தனை மணி? சேலத்திலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்குக் கார் பயணம், அங்கே மூன்று மணிக் காத்திருப்பு எல்லாம் சேரட்டும்.

2. எல்லாம் ஒரே டிக்கெட்டா? அப்படியானால், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று விமானம் ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. பெட்டியையும் பெரும்பாலும் கடைசி ஊரில் எடுத்துக்கொள்ளலாம்.

3. மாறும் ஊர் நூலின் அருகில் இருக்கிறதா? இறங்கி ஏற இரண்டு மூன்று மணியாவது கிடைக்கிறதா? அங்கே விசா கேட்பார்களா?

4. எந்த வகை விமானம்? எந்த இருக்கை?

5. பெட்டி, உணவு, இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டா? பள்ளி விடுமுறையும் டிசம்பர்க் கடைசியும் விலை ஏறும் காலம்; இரண்டு வாரம் தள்ளினால் எவ்வளவு குறையும்?

பிறகு ஒரு வகுத்தல். இரு டிக்கெட்டுகளின் விலை வேறுபாட்டை மணி வேறுபாட்டால் வகுத்துப் பாருங்கள். 9,000 ரூபாயை மிச்சப்படுத்த 14 மணி நேரம் கூடுதலாக அலைய வேண்டுமென்றால், மணிக்குச் சுமார் 640 ரூபாய். கல்லூரி மாணவன் ஒருவனுக்கு அது லாபமாக இருக்கலாம். எழுபது வயதுக்காரருக்கு நஷ்டமே. விடை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கணக்குப் போடாமல் விடை தெரியாது.

இரண்டாவது முறை என் பெற்றோர் கிளம்பியபோது, பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் பொறுப்பைக் கொடுத்தேன். அவள் உருண்டையில் நூல் பிடித்து, தாளில் கணக்குப் போட்டு, ஒரே டிக்கெட்டில் ஒருமுறை மட்டும் மாறும் வழியைத் தேர்ந்தெடுத்தாள். எல்லாவற்றிலும் மலிவானது அல்ல. மலிவு வரிசையில் மூன்றாவது. அப்பாருக்கு நடைவழி ஓர இருக்கை எடுத்து, மணிக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தாள்.

போய்ச் சேர்ந்ததும் அப்பா தொலைபேசியில் அவளைத்தான் கூப்பிட்டார். "கண்ணு, இந்தத் தடவை செருப்பு சரியா நுழைஞ்சுருச்சு" என்றார்.